கேசட்டிலிருந்து கணினிக்கு

வீடியோ நாடா வீட்டுக்குள் வருவதற்கு ஏறக்குறைய 20 ஆண்டுகள் பிடித்தன. 1956-இல் ஆம்பெக்ஸ் நிறுவனம் சிகாகோவில் காட்டிய பதிவுக் கருவி 2 அங்குல அகலமுள்ள நாடாவில் ஓடியது. தொலைக்காட்சி நிலையங்களைத் தவிர வேறு யாரும் வாங்கக்கூடிய விலையிலும் அளவிலும் அது இல்லை. 1971-இல் சோனியின் யூ-மேட்டிக் நாடாவைப் பெட்டிக்குள் அடைத்தது. 1975-இல் அதே நிறுவனத்தின் பீட்டாமேக்ஸும், 1976-இல் ஜேவிசியின் விஎச்எஸ்ஸும் அரை அங்குல நாடாவோடு வந்தன. பரணிலும் பீரோவிலும் இன்று கிடக்கும் வீட்டு கேசட்டுகளில் மிகப் பெரும்பாலானவை விஎச்எஸ் வகையே.

இந்த கேசட்டைக் கணினிக்கு மாற்றுவது ஏன் எளிதாக அமையவில்லை என்பதற்கான காரணம் நாடாவில் படம் பதிந்திருக்கும் விதத்திலேயே இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் பின்பற்றிய பால் என்ற ஒளிபரப்பு முறையில் விஎச்எஸ் நாடா நொடிக்கு 2.34 சென்டிமீட்டர்தான் நகர்கிறது. அவ்வளவு மெதுவாகப் போகும் நாடாவில் படத்தின் நுணுக்கங்களைப் பதிக்க முடியாது. ஆகவே 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையில் படத்தைப் பதியவும் படிக்கவும் உதவும் இரண்டு ஹெட்டுகளைப் பொருத்தி, அதை நிமிடத்துக்கு 1,500 முறை சுழலவிட்டார்கள். ஹெட்டும் நாடாவும் உரசிச் செல்லும் வேகம் இதனால் நொடிக்கு 4.8 மீட்டர் அளவுக்கு உயர்ந்தது. உருளை ஒரு முறை சுற்றும்போது இரண்டு ஹெட்டுகளும் நாடாவின் குறுக்கே ஆளுக்கொரு சாய்ந்த தடத்தை இழுக்கின்றன. ஒரு தடம் ஓர் அரைப்படம்: முதலில் ஒற்றைப்படைக் கோடுகள், அடுத்து இரட்டைப்படைக் கோடுகள். நொடிக்கு 50 அரைப்படங்கள் வந்தால்தான் அசைவு வழுக்கிக்கொண்டு போவதுபோலத் தெரியும்.

அந்தத் தடத்தில் வெளிச்சமும் வண்ணமும் தனித்தனியாக வைக்கப்பட்டன. வெளிச்சம் 3.8 முதல் 4.8 மெகாஹெர்ட்ஸ் வரை அலைவெண் மாறும் அலையாகவும், வண்ணம் 627 கிலோஹெர்ட்ஸ் அளவுக்குக் கீழிறக்கப்பட்டும் பதிந்தன. வண்ணத்துக்குக் கிடைத்த இடம் மிகக் குறுகியது. பழைய கல்யாண வீடியோக்களில் முகூர்த்தப் புடவையின் சிவப்பு அதன் ஓரத்தைத் தாண்டி வழிவது கேமராக்காரரின் பிழையால் அல்ல, இந்தக் குறுக்கலால்தான். கிடைமட்டத் தெளிவும் 240 கோடுகளோடு நின்றுவிட்டது.

இதைவிடப் பெரிய சிக்கல் நேரம். நாடா ரப்பர் உருளையாலும் மோட்டாராலும் இழுக்கப்படும் ஒரு பொருள். வெப்பத்தில் நீளும், பழசானால் சுருங்கும். ஒரு கோட்டின் காலம் சரியாக 64 மைக்ரோ நொடியாக இருக்க வேண்டும். நாடாவிலிருந்து வரும்போது ஒரு கோடு சற்று முந்தும், அடுத்தது சற்றுப் பிந்தும். குழாய்த் திரைத் தொலைக்காட்சி இந்தத் தள்ளாட்டத்தைப் பின்தொடர்ந்து சமாளித்துக்கொண்டது. கணினியோ சீரான கடிகாரத்தில் இயங்குவது. கோடு எப்போது வரும் என்று அது எதிர்பார்க்கிறதோ அப்போது வராவிட்டால் நேர்க்கோடாக நிற்க வேண்டிய கதவுநிலை நெளிகிறது, சில வேளை ஒரு முழுப் படமே விடுபட்டுப்போகிறது. மாற்றும் தொழிலின் வரலாறு பெருமளவுக்கு இந்த நேரப் பிசகைத் திருத்தக் கண்டுபிடித்த உத்திகளின் வரலாறுதான்.

தமிழ்நாட்டில் வீடியோ பரவியது 1982-க்குப் பிறகு. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிகளை ஒட்டித் தூர்தர்ஷன் வண்ணத்துக்கு மாறியது. சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் ஊர் திரும்பியவர்களின் சாமான்களில், டெக் என்று அழைக்கப்பட்ட வீடியோ கேசட் கருவி இடம்பிடித்தது. சென்னை பர்மா பஜாரிலும் விற்பனைக்கு வந்தது. இலங்கையிலும் 1979-இல் தொலைக்காட்சி தொடங்கிய சில ஆண்டுகளில் டெக் என்ற பெயரே வழங்கியது. டெக்கை வாடகைக்கு எடுத்து இரவெல்லாம் படம் பார்த்த காலத்திலேயே, அதே கருவிக்காகத் தன் வீட்டு விசேஷத்தைப் பதிவு செய்யும் ஆசையும் பிறந்தது. 1980களின் பிற்பகுதியில் தோளில் வைத்து எடுக்கும் முழு அளவு விஎச்எஸ் கேமராக்கள் கல்யாண மண்டபங்களுக்குள் வந்தன. பானாசோனிக்கின் எம்-3000, எம்-9000 ஆகிய மாதிரிகள் ஸ்டுடியோக்காரர்களிடையே பெயர் பெற்றவை. கேமராவுடன் ஒருவர், கண்ணைக் கூசவைக்கும் விளக்கைத் தூக்கிப் பிடித்தபடி இன்னொருவர் என்று பந்தியிலும் மேடையிலும் நகர்ந்த அந்த இருவர் அணி ஒரு புதிய தொழிலாகவே ஆனது.

எடுத்ததை அப்படியே கொடுத்துவிடுவதில்லை. கேமரா கேசட்டை ஒரு டெக்கில் ஓட்டி, தலைப்பும் பூச்சட்டங்களும் இன்னொரு வழியாக வர, இரண்டையும் மிக்சரில் கலந்து மற்றொரு டெக்கில் பதிவார்கள். நாதஸ்வரம் அடங்கும் இடத்தில் சினிமாப் பாட்டு ஏறும். இந்த வேலைக்குத் தமிழ்நாட்டில் நிலைத்த பெயர் மிக்சிங். 1990களில் ஸ்டுடியோக்கள் விரும்பி வாங்கிய பானாசோனிக் எம்எக்ஸ்-50 மிக்சர், ஒத்திசையாத இரண்டு டெக்குகளின் படங்களைத் தன் நினைவகத்தில் எண்களாக வாங்கி நிறுத்தி, ஒரே தாளத்துக்குக் கொண்டுவந்து, மறுபடி அனலாக்காக வெளியே அனுப்பியது. மண்டபத்தில் எடுத்த படம் முதன்முதலில் எண்ணாக மாறியது கணினிக்குள் அல்ல, இப்படியொரு மிக்சருக்குள் ஒரு நொடியின் சிறு பகுதி நேரம்தான். இந்தத் தொழிலைப் பற்றிப் பேசுவோர் இதை அநேகமாக மறந்துவிடுகிறார்கள்.

மிக்சிங்கில் இன்னொன்றும் நடந்தது. அனலாக் முறையில் ஒவ்வொரு பிரதியும் முந்தையதைவிட மங்கும். வீட்டாருக்குக் கிடைத்த கேசட் ஏற்கெனவே இரண்டாம் தலைமுறை. அத்தைக்கும் மாமாவுக்கும் போட்டுக் கொடுத்தது மூன்றாம் தலைமுறை. கேமரா கேசட் பல ஸ்டுடியோக்களில் அடுத்த கல்யாணத்துக்குப் போய்விடும். ஆகவே ஒரு குடும்பத்தில் இருக்கும் நான்கைந்து பிரதிகளில் எது முதலில் பதிந்தது என்று கண்டுபிடிப்பதே மாற்றும் வேலையின் முதல் படி.

1983-க்குப் பிறகு புலம்பெயர்ந்த இலங்கைத் தமிழர்களின் கேசட்டுகளில் இது மேலும் சிக்கலானது. யாழ்ப்பாணத்தில் எடுத்த சாமத்திய வீட்டு (மஞ்சள் நீராட்டு விழா) வீடியோ 625 கோடு, நொடிக்கு 25 படம் என்ற பால் முறை. அது போய்ச் சேர்ந்த டொரண்டோவில் 525 கோடு, நொடிக்கு ஏறத்தாழ 30 படம் என்ற என்டிஎஸ்சி முறை. அங்குள்ள சாதாரண டெக்கில் போட்டால் படம் உருண்டுகொண்டே இருக்கும். செக்காம் முறை இருந்த பிரான்சில், பால் அறியாத டெக்கில் அது கறுப்பு வெள்ளையாகத் தெரியும். எல்லா முறைகளையும் ஏற்கும் டெக் வாங்க வேண்டும், அல்லது காசு கொடுத்து முறை மாற்றிப் பதிய வேண்டும். முறை மாற்றிய பிரதியில் பக்கத்துப் பக்கத்துப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்று கலந்து அசைவு இடறும். இன்று அந்த வீடியோவைக் கணினிக்கு மாற்றுவோர், டொரண்டோவில் பார்த்துப் பழகிய பிரதியை விட்டு, ஊரிலிருந்து வந்த பால் கேசட்டையே தேட வேண்டும். கணினியில் கோப்பாகிவிட்டால் முறைகளுக்கு இடையிலான இந்தச் சுவர் இல்லை.

வீடியோவை எண்ணாக்கும் அளவுகோல் கணினிகளுக்கு வெகுமுன்பே எழுதப்பட்டுவிட்டது. 1982-இல் சர்வதேச வானொலி ஆலோசனைக் குழு ஏற்ற பரிந்துரை 601, வெளிச்சத்தை நொடிக்கு 1.35 கோடி முறை அளக்கச் சொன்னது. ஒரு கோட்டுக்கு 720 புள்ளிகள், பால் முறையில் 576 கோடுகள். அளவு சரி, அதை வைக்க இடம் எங்கே? சுருக்காமல் வைத்தால் நொடிக்கு 20 மெகாபைட்டுக்கு மேல், மணிக்குச் சுமார் 75 ஜிபி. 1990களின் நடுவில் ஒரு நல்ல கணினியின் வட்டு ஓரிரு ஜிபி கொள்ளளவு கொண்டது. 1991 டிசம்பரில் ஆப்பிளின் குவிக்டைமும், 1992-இல் மைக்ரோசாஃப்டின் வீடியோ ஃபார் விண்டோஸும் வந்தபோது கணினித் திரையில் ஓடியது தபால்தலை அளவுப் படம்தான். அடோபி பிரீமியரின் முதல் பதிப்பும் 1991-இல் வெளிவந்தது. வெட்டி ஒட்டும் மென்பொருள் கையில் இருந்தும், முழு அளவுப் படத்தை உள்ளே கொண்டுவரும் வழி சாமானியரிடம் இல்லை.

அந்த வழியைத் திறந்தவை ஒவ்வொரு படத்தையும் தனி ஜேபெக்காகச் சுருக்கும் கேப்சர் கார்டுகள். ஜெர்மனியின் மிரோ நிறுவனம் செய்து, பின்னர் பின்னக்கிள் பெயரில் விற்ற டிசி-30 இவற்றுள் புகழ்பெற்றது. அதை வாங்கியவர்கள் புதுப் புது இடைஞ்சல்களைக் கண்டார்கள். வட்டு சூடேறும்போது தன்னைத்தானே அளவுதிருத்திக்கொள்ள ஒரு கணம் எழுதுவதை நிறுத்தும். அந்தக் கணத்துப் படங்கள் போய்விடும். இதைத் தவிர்க்கவே வீடியோவுக்கென்று தனி வட்டுகள் விற்கப்பட்டன. படத்தை ஒரு கார்டும் ஒலியை வேறொரு சவுண்ட் கார்டும் பதிவு செய்தால் இரண்டின் கடிகாரமும் சற்றே விலகும். அரைமணி நேரம் கழித்து மேளம் அடிக்கும் கை ஓரிடத்திலும் ஓசை வேறிடத்திலும் இருக்கும். டிசி-30-இல் ஒலியையும் அதே கார்டு வாங்கியது அதன் பெருமைக்கு ஒரு காரணம். ஏவிஐ கோப்பு 2 ஜிபிக்கு மேல் வளராது என்ற தடையும் அன்று இருந்தது. மூன்று மணி நேரக் கல்யாணத்தைத் துண்டு துண்டாக வாங்கி, ஒவ்வொரு துண்டையும் மிக்சிங் செய்து, மறுபடி கேசட்டில் பதிந்து, வட்டைத் துடைத்து, அடுத்த துண்டுக்குப் போவார்கள். அந்தக் காலத்துக் கணினி எடிட்டிங்கின் முடிவுப் பொருளும் ஒரு விஎச்எஸ் கேசட்தான்.

1995-இல் டிவி (டிஜிட்டல் வீடியோ) நாடா முறையும், அதில் பதியும் சோனி விஎக்ஸ்-1000 கேமராவும், ஃபயர்வயர் எனப்படும் ஐஇஇஇ 1394 தரமும் ஒரே ஆண்டில் வந்து நிலைமையை மாற்றின. இம்முறையில் கேமராவே படத்தை எண்ணாக்கி ஐந்தில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. கணினி அதை அப்படியே நகலெடுத்துக்கொள்கிறது. ஒலியையும் சேர்த்து நொடிக்கு 3.6 மெகாபைட், மணிக்கு 13 ஜிபி. 1999-இல் ஆப்பிள் ஃபயர்வயரோடு கூடிய ஐமேக்கையும் ஐமூவியையும் வெளியிட்டபின் எடிட்டிங் சாப்பாட்டு மேசைக்கே வந்தது. பழைய அனலாக் கேசட்டுகளுக்கும் இதனால் ஒரு பாதை கிடைத்தது. அதே ஆண்டில் சோனி கொண்டுவந்த டிஜிட்டல்-8 கேமராக்களில் பல பழைய வீடியோ-8, ஹை-8 கேசட்டுகளை ஓட்டி, உடனுக்குடன் எண்ணாக்கி ஃபயர்வயரில் தள்ளின. விஎச்எஸ்ஸுக்கு ஜப்பானின் கேனோபஸ் நிறுவனத்தின் ஏடிவிசி-100 போன்ற பெட்டிகள் வந்தன. ஒரு பக்கம் டெக், மறுபக்கம் கணினி. ஒலி விலகாமல் படத்தோடு பூட்டியிருக்கும். 2000களில் வேலை செய்த ஸ்டுடியோக்களிடம் இன்று கேட்டாலும் இந்தப் பெட்டிக்கு நல்ல பெயர்தான் கிடைக்கும். அது தகுதியான பெயர். விஎச்எஸ் வைத்திருக்கும் விவரத்துக்கு டிவி நாடா முறையின் சுருக்கம் பெரிய பாதகம் செய்வதில்லை.

பாதகம் செய்தது விசிடி. 1993-இல் வகுக்கப்பட்ட இந்த முறை ஒரு சாதாரண சிடியில் 74 நிமிடப் படத்தை அடைத்தது. பிளேயர்கள் மலிவாகி, 2000-ஐ ஒட்டித் தமிழ்நாட்டின் கேசட் கடைகளெல்லாம் சிடி கடைகளானபோது, கல்யாண கேசட்டைச் சிடியாக மாற்றித் தருவதாக ஊர்தோறும் பலகைகள் எழுந்தன. விசிடியின் படம் 352 புள்ளி அகலம், 288 கோடு உயரம். விஎச்எஸ்ஸின் கிடைமட்டத் தெளிவே குறைவு என்பதால் 352 போதும் என்று வாதிட முடியும். உயரத்துக்கு அந்த வாதம் பொருந்தாது. 576 கோடுகளில் பாதி, அதாவது ஒவ்வொரு இரண்டு அரைப்படங்களில் ஒன்று, தூக்கி எறியப்பட்டது. நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்பட்ட அசைவு 25 ஆனது. நொடிக்கு 1.15 மெகாபிட்டுக்குள் அடக்கியதால் ஹோமப் புகையும் பூ தூவுவதும் கட்டம் கட்டமாக உடைந்தன. சிடி வந்துவிட்டதே என்று எத்தனையோ வீடுகளில் கேசட்டைத் தூக்கிப் போட்டார்கள். இந்த வரலாற்றில் மிகப் பெரிய இழப்பு நேர்ந்த இடம் இதுதான். எழுதக்கூடிய மலிவு சிடியின் சாயப்படலம் வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, சில ஆண்டுகளில் படிக்க முடியாமல் போனதும் உண்டு. கேசட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் வந்த டிவிடி 720-க்கு 576 அளவையும் அரைப்படங்களையும் காப்பாற்றியது. இன்று கைப்பேசியில் குடும்பத்துக்குள் சுற்றும் பழைய கல்யாணத் துணுக்குகளில் பல, விசிடியிலிருந்து மறுபடி சுருக்கப்பட்டவை. அவற்றைப் பார்த்து கேசட்டை எடைபோடக் கூடாது. நாடா இருந்தால் மீண்டும் மாற்றுவது தகும்.

அடுத்து யுஎஸ்பி 2.0 வந்து, விரல் நீளக் குச்சி ஒன்று கேப்சர் கார்டின் இடத்தைப் பிடித்தது. ஈஸிகேப் என்ற பெயரில் விற்கும் குச்சிகள் வெளியே ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே சில்லுகள் வேறு வேறு. டிரைவர் பொருந்தாமல் திண்டாடியவர்கள் ஏராளம். ஆயினும் கருவியைவிட அமைப்புகளால் கெடுவது அதிகம். நேரலைக்காக எழுதப்பட்ட மென்பொருளில் நொடிக்கு 30 படம் என்ற இயல்புநிலை அமைப்போடு பால் கேசட்டைப் பதிந்தால் விசிடியில் நடந்ததே மறுபடி நடக்கும். அரைப்படங்களை அப்படியே வாங்கி, பிற்பாடு ஏவிசின்த் என்ற மென்பொருளின் கியூடிஜிஎம்சி போன்ற நிரலால் 50 முழுப்படங்களாக விரித்தால் பழைய அசைவு திரும்பிவிடும். கணினியில் படத்தின் அடிப்பகுதியில் சில கோடுகள் கலங்கித் தெரிவது பழுதல்ல. ஒரு ஹெட் விட்டு மற்றொன்று பிடிக்கும் இடம் அது. குழாய்த் திரையின் விளிம்புக்குப் பின்னால் எப்போதும் மறைந்திருந்தது.

ஆவணக்காப்பகங்களும் ஆர்வலர்களும் கண்ட முறை இன்னும் கவனமானது. வெளிச்சத்தையும் வண்ணத்தையும் கலக்காமல் தனித்தனிக் கம்பியில் அனுப்பும் எஸ்-வீடியோ வசதியுள்ள டெக், அதை அடுத்து நேரப் பிசகைத் திருத்தும் டிபிசி, அதன்பின் இழப்பில்லாத சுருக்கம். ஜேவிசியின் மேல்தர எஸ்-விஎச்எஸ் டெக்குகள் சிலவற்றில் டிபிசி உள்ளேயே இருந்தது. பானாசோனிக்கின் இஎஸ்-10 டிவிடி ரெக்கார்டரை, அதில் எதையும் பதியாமல், படத்தை உள்ளே விட்டு வெளியே எடுக்க மட்டும் பயன்படுத்தி நெளிவைப் போக்கும் வழியையும் ஆர்வலர்கள் கண்டார்கள். 2003-இல் எஃப்எஃப்எம்பெக் திட்டத்தில் உருவான எஃப்எஃப்வி-1 என்ற இழப்பில்லாச் சுருக்கம் காப்பகங்களில் வேரூன்றி, 2021-இல் இணையத் தரமாக்கக் குழுவின் ஆவணமாகவும் வெளிவந்தது. சுருக்காத கோப்பின் ஏறக்குறைய பாதி அளவில், ஒரு புள்ளிகூட மாறாமல் அது காக்கிறது.

இதற்குள் ஓட்டும் கருவி அருகத் தொடங்கியது. ஜேவிசி 2008-இல் தனி டெக் உற்பத்தியை நிறுத்தியது. இந்தியாவிலும் நன்கு அறியப்பட்ட ஃபுனாய் நிறுவனம், உதிரிபாகம் கிடைக்காத நிலையில் 2016 ஜூலையில் கடைசி டெக்கைத் தயாரித்தது. யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி, ஒளிக் காப்பகச் சங்கமும் 2019-இல் காந்த நாடா எச்சரிக்கைத் திட்டத்தைத் தொடங்கி, 2025 வாக்கில் நாடாக்களை வழக்கமான முறையில் ஓட்டுவதே அரிதாகிவிடும் என்று நினைவூட்டின. நாடா தானாக அழிவதைவிட அதை ஓட்டும் ஹெட்டும் ரப்பர் உருளையும் முந்திக்கொண்டு இல்லாமல் போகின்றன என்பதே அவர்களது கவலை. கடலோரத் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் கூடுதலாகப் பூஞ்சை. கேசட்டின் கண்ணாடிச் சாளரம் வழியே நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அதை அப்படியே டெக்கில் போடக் கூடாது. ஹெட்டை அடைத்து, அடுத்து வரும் நல்ல கேசட்டுக்கும் அது தொற்றும். உலர்ந்த துணியால் நாடா முழுவதையும் துடைத்தபின்தான் ஓட்ட வேண்டும்.

கடைசியாக வந்துள்ள வழி டெக்கின் பெரும்பகுதியைத் தாண்டிச் செல்கிறது. 1986-இல் பிபிசி வெளியிட்ட டூம்ஸ்டே லேசர் வட்டுகளைக் காப்பாற்ற முயன்றவர்கள், வட்டிலிருந்து வரும் மூல அலையை நேரடியாக எண்ணாக்கி மற்ற எல்லாவற்றையும் மென்பொருளில் செய்யும் முறையை வளர்ப்பதில் பங்கெடுத்தார்கள். அதிலிருந்து கிளைத்த விஎச்எஸ்-டிகோட் கேசட்டுக்கும் அதையே செய்கிறது. ஹெட்டை அடுத்துள்ள முன்பெருக்கியில் ஒரு கம்பியைப் பற்றவைத்து, அங்கே வரும் அலையை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை அளந்து கோப்பாக்குகிறார்கள். வெளிச்சத்தைப் பிரிப்பதும், வண்ணத்தை மீட்பதும், கோடுகளின் நேரத்தை நேராக்குவதும் பிறகு கணினியில் நடக்கின்றன. அலையை அளக்கப் பழைய பிசிஐ தொலைக்காட்சி கார்டுகளையே சிலர் பயன்படுத்துகிறார்கள். டெக்கில் நல்ல நிலையில் இருக்க வேண்டியவை ஹெட்டும் நாடா ஓடும் பாதையும் மட்டுமே. வண்ணச் சுற்று பழுதான டெக்கும் போதும். வேலை மெதுவானது, கோப்பு பெரிது, சால்டரிங் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் மூல அலை ஒருமுறை கோப்பாகிவிட்டால், மென்பொருள் மேம்படும்போதெல்லாம் நாடாவைத் தொடாமலே அதே கோப்பிலிருந்து படத்தைப் புதிதாக எடுத்துக்கொள்ள முடிகிறது.